சேர்ந்தவர் எத்தனை? முடித்தவர் எத்தனை?

ஆரம்பாக்கம், தமிழ்நாட்டின் வடக்கு எல்லையில் இருக்கும் ஊர். இந்த ஊரைத் தாண்டினால் ஆந்திரா. சென்னையில் இருந்து கல்கத்தாவுக்குப் போகும் பெரிய ரோடு இந்த வழியாகத்தான் போகிறது. ரெயிலும் போகிறது. கடைத் தெருவில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும்.

தெற்கே கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டை. வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் தடா. அதன் அருகே ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம். இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள்!

இப்படிப்பட்ட ஊரில், பிளஸ்-2 பாஸ் செய்த ஒரு பெண்ணுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, கம்பெனி பஸ். வீட்டுக்குப் பக்கத்து ரோட்டிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போகும். மாதம் பிறந்தால் சம்பளம்.

இன்னொன்று, கல்லூரிக்குப் போகும் ரெயில். மூன்று ஆண்டு படிக்க வேண்டும். பட்டம் கையில் வந்த பிறகுதான் அதன் பலன்.

பெயர்தான் ஆரம்பாக்கம்! கல்லூரிப் படிப்பை ஆரம்பிக்கிறவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முடிக்கிறவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை யாரும் சத்தம் போட்டுக் கேட்பது இல்லை.

100-க்கு 47

கல்லூரியில் சேருவதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. மத்திய அரசு ஆண்டுதோறும் உயர் கல்விக் கணக்கு எடுக்கிறது. 2021-22-ம் ஆண்டின் கணக்குப்படி, 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள் தொகையில் 100-க்கு 47 என்ற அளவில் தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள். இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 28 பேர்தான். பெண்களும் ஆண்களும் ஏறக்குறைய சரி சமம். பெண்கள் ஒரு படி மேலேயே இருந்தார்கள்.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். சந்தேகம் இல்லை.

ஆனால் இந்த 47 என்ன சொல்லுகிறது? கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருப்பவர்களை மட்டும் சொல்லுகிறது. அவர்களில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர், இரண்டாம் ஆண்டிலேயே நின்று விட்டவர்கள் எத்தனை பேர், மூன்று ஆண்டும் போய் வந்து "அரியர்" வைத்துக்கொண்டு வெறுங்கையோடு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லவில்லை.

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணினால் போதுமா? சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டாமா?

ஒரு பெண்ணின் கதை

ஆரம்பாக்கத்தில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அப்பா லாரி டிரைவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு தம்பி. பெண் அரசு பள்ளியில் படித்தவள். தமிழ் மீடியம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இதுவரை யாரும் இல்லை.

பிளஸ்-2 பாஸ் செய்து விட்டாள். இதில் அதிசயம் எதுவும் இல்லை. 2025-ம் ஆண்டு பிளஸ்-2 தேர்வில் 100-க்கு 95 பேர் பாஸ்!

பொன்னேரியில் அரசு கல்லூரி இருக்கிறது. உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி என்று பெயர். 1965-ம் ஆண்டு ஆரம்பித்தது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உண்டாக்கிய கல்லூரி. அதிலே நம் பெண்ணுக்கு பி.எஸ்.சி. இடம் கிடைக்கிறது.

வீட்டில் ஒரே சந்தோஷம். அப்பா இனிப்பு வாங்கி வந்து தெருவுக்கே கொடுக்கிறார்.

ஆரம்பாக்கத்தில் ரெயில் ஏறினால் எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை, அப்புறம் பொன்னேரி. ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இது பெரிய தூரமா என்று சென்னைவாசிகள் கேட்பார்கள். தூரம் பெரிது அல்ல. ரெயில்தான் குறைவு. சென்னையில் இருந்து வரும் மின்சார ரெயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்று விடும். அதற்கு மேலே சூலூர்ப்பேட்டை வரை போகிறவை சிலதான். ஒன்றை விட்டு விட்டால், அன்றைக்கு முதல் வகுப்பு போயிற்று!

பஸ்சில் போனால் நேரம் கூட ஆகும். போக, வர, காத்திருக்க என்று ஒரு நாளில் மூன்று மணி நேரம் ரோட்டிலே கழிந்து விடலாம்.

வருகைப் பதிவு 100-க்கு 75 இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். வாரத்தில் இரண்டு நாள் ரெயில் தவறினால், இந்தக் கணக்கு இடிக்க ஆரம்பித்து விடும்.

கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து விட்டாள். இனிமேல்தான் பெரிய தடை.

பள்ளியில் பாஸ் மார்க் 35. கல்லூரியில் 40. ஐந்து மார்க்குதானே வித்தியாசம் என்று தோன்றும். அது மட்டும் அல்ல. பள்ளியில் பௌதிகம், ரசாயனம் எல்லாம் தமிழில் படித்தாள். கல்லூரியில் விஞ்ஞானப் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலீஷ். பள்ளியில் வாத்தியார் ஒரே பாடத்தைப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தார். கல்லூரியில் ஒரு தடவை சொல்லுவார். குறிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

புரியவில்லை என்றால் எழுந்து கேட்க வேண்டியதுதானே? கேட்கலாம். ஆனால் கேட்கிற தைரியம் எப்படி வரும்? வீட்டில் அண்ணன், அக்கா யாராவது கல்லூரிக்குப் போயிருந்தால், "அடி, இது எல்லோருக்கும் இப்படித்தான், பயப்படாதே" என்று சொல்லுவார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. தனக்குத்தான் மூளை இல்லை என்று அவள் நினைத்துக்கொள்கிறாள்.

நவம்பரில் முதல் செமஸ்டர் பரீட்சை. முடிவு வருகிறது. இங்கிலீஷ் போயிற்று. கணக்கும் போயிற்று. இரண்டு அரியர்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டுப் படிப்பில் மிகவும் ஆபத்தான இடம் இதுதான்! இரண்டு அரியர் என்பது பெரிய தோல்வி அல்ல. அடுத்த தடவை எழுதிப் பாஸ் செய்து விடலாம். ஆனால் அதை அவளுக்குச் சொல்லுவது யார்?

அடுத்த செமஸ்டரில் புதுப் பாடங்களோடு பழைய இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. அரியர் குட்டி போடுகிறது. அதே சமயத்தில் தோழி ஒருத்தி கம்பெனி வேலைக்குப் போய்ப் புதுச் செல்போன் வாங்கி விட்டாள். அப்பாவுக்கு உடம்பு சரி இல்லை; பத்து நாள் லாரி ஓட்டவில்லை. "இந்த மாதம் மட்டும் வேலைக்குப் போய் வருகிறேனே" என்று பெண் கேட்கிறாள்.

அந்த ஒரு மாதம் முடிவதே இல்லை.

கல்லூரியில் யாரும் அவளை வெளியே அனுப்பவில்லை. அவளும் படிப்பை விட்டு விடுவதாக எழுதிக் கொடுக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேராக "ஆப்சென்ட்" என்று விழுந்துகொண்டே போகிறது. அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குக் கொடுத்த பணம்

பிள்ளைகள் பாதியில் நிற்பதற்குப் பணம் ஒரு காரணம். இதை அரசாங்கம் கவனிக்காமல் இல்லை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர். அவர் பெயரால் 1989-ம் ஆண்டு ஒரு திட்டம் வந்தது. படித்த ஏழைப் பெண்களுக்குக் கல்யாண உதவிப் பணம். பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். பட்டம் வாங்கிய பெண் என்றால் 50 ஆயிரம் ரூபாய்.

2022-ம் ஆண்டு இந்தத் திட்டத்தை மாற்றினார்கள். கல்யாணத்துக்குக் கொடுப்பதற்குப் பதிலாகப் படிக்கும்போதே கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி "புதுமைப் பெண்" திட்டம் தொடங்கியது. 6-ம் வகுப்பில் இருந்து பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரியில் படிக்கும் வரை மாதம் ஆயிரம் ரூபாய். நேராகப் பாங்கிக் கணக்குக்கு வரும். பையன்களுக்கும் இதேபோல் "தமிழ்ப் புதல்வன்" என்ற திட்டம் 2024 ஆகஸ்டு 9-ந் தேதி தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் மீடியத்தில் படித்த பெண்களுக்கும் அந்த ஆண்டு டிசம்பரில் இந்த உதவி விரிந்தது.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பழைய திட்டம், முடித்தவர்களுக்குப் பரிசு. புதிய திட்டம், படிக்கிறவர்களுக்குத் துணை. எது நல்லது? பாதியில் நிற்கும் பெண், பரிசு சிறியது என்பதற்காக நிற்பது இல்லை. இந்த மாதச் செலவுக்கு வழி இல்லை என்பதற்காக நிற்கிறாள். ஆகையால் மாதா மாதம் கொடுப்பதே சரி.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் ஆயிரம் என்றால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 36 ஆயிரம். கம்பெனிச் சம்பளம் இதைப்போல் பல மடங்கு. அந்த 33 ரூபாய், நோட்டுப் புத்தகத்துக்கும் டீக்கும் ஆகும். கல்லூரியில் சேரத் தயங்கிய பெண்ணைச் சேர்த்து விடும். அப்பா படுத்துவிட்ட மாதத்தில், அவளைக் கல்லூரியில் நிறுத்தி வைக்க அது போதாது.

காமராஜர் காலத்தில்

பிள்ளைகள் பாதியில் நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் ஆரம்பப் பள்ளியிலேயே நின்றார்கள்.

அதற்குக் காரணம் பசி என்று கண்டார்கள். காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது, 1956-ம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 2022-ம் ஆண்டு தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. காரணம் என்ன என்று பார்த்து, அந்தக் காரணத்தைப் போக்கினார்கள். பிள்ளைகள் பள்ளியில் தங்கினார்கள்.

அந்த வேலை பள்ளியோடு நின்று விட்டது. விடியற்காலை ரெயிலுக்கு ஓடுகிற கல்லூரிப் பெண் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்பது இல்லை. பதினெட்டு வயது ஆகி விட்டால் பசிக்காதா?

நியூயார்க்கில் ஒரு சோதனை

இந்தத் தொல்லை இந்தியாவில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். பணக்கார நாடான அமெரிக்காவிலும் கல்லூரியில் சேர்ந்து விட்டுப் பாதியில் போகிறவர்கள் ஏராளம்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஏழைப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் இடம். அங்கே 2007-ம் ஆண்டு ஒரு புதுத் திட்டம் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுப் படிப்பில் சேருகிறவர்களுக்காக.

என்ன செய்தார்கள்? பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு ஆலோசகர். அவனை அடிக்கடி கூப்பிட்டுப் பேசுவது அவர் வேலை. பாடத்தில் பின்தங்கினால் தனி வகுப்பு. கட்டணத்தில் பாக்கி இருந்தால் தள்ளுபடி. புத்தகம் வாங்க உதவி. நகரத்து ரெயிலிலும் பஸ்சிலும் போய் வர மாதா மாதம் இலவசப் பயணச் சீட்டு.

இதிலே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது! பயணச் சீட்டு சும்மா கிடைக்காது. ஆலோசகரைப் பார்ப்பது போன்ற கடமைகளைச் செய்தால்தான் கிடைக்கும். சீட்டுக்காகப் போகிற பையன், "ஏன் போன வாரம் வரவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவன் மனத்தில் இருப்பது அப்போது வெளியே வந்து விடும்.

இந்தத் திட்டத்தால் பலன் உண்டா என்று ஆராய்ந்தார்கள். பாடத்தில் பின்தங்கிய ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்த உதவிகள். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கல்லூரி. மூன்று ஆண்டு கழித்து எண்ணினார்கள். வழக்கமான பிரிவில் பட்டம் வாங்கியவர்கள் 100-க்கு 22 பேர். உதவி பெற்ற பிரிவில் 40 பேர்!

செலவு கூடத்தான் ஆயிற்று. ஆனால் ஒரு பட்டதாரியை உண்டாக்க ஆன செலவு என்று கணக்குப் பார்த்தபோது, உதவி கொடுத்த முறையிலே அது குறைவு. பாதியில் போகிறவனுக்குச் செலவழித்த பணம் வீண்தானே?

அதே அமெரிக்காவில், அட்லாண்டா நகரில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தது. சில நூறு டாலர் பாக்கிக்காக, படிப்பை முடிக்கப் போகும் மாணவர்கள் கூடப் பெயர் நீக்கப்படுகிறார்கள் என்று பார்த்தது. 2011-ம் ஆண்டில் இருந்து, அந்தச் சிறு பாக்கியைப் பல்கலைக்கழகமே கட்டி அவர்களை நிறுத்தி வைத்தது. எந்த மாணவன் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான் என்பதையும் கம்ப்யூட்டரில் பார்த்து உடனே கூப்பிட்டுப் பேசினார்கள். 2003-ம் ஆண்டில், ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்கியவர்கள் அங்கே 100-க்கு 32 பேர்தான். பதினைந்து ஆண்டுக்குள் அது 50-க்கு மேலே போயிற்று.

யார் கேட்பது?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் இருபது, முப்பது மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் பொறுப்பு என்று ஏற்பாடு உண்டு. பல இடங்களில் அது காகிதத்தோடு சரி. பேராசிரியர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அரசு கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் நிரந்தர ஆசிரியர் இல்லாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் வகுப்பு நடந்து வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு தன் வேலை இருக்குமா என்றே தெரியாதவர், பிள்ளையின் மூன்று ஆண்டுக்கு எப்படிப் பொறுப்பு ஏற்பார்?

பிளஸ்-2 முடித்து விட்டுக் கல்லூரியில் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க, 2023-ம் ஆண்டு "உயர்வுக்குப் படி" என்ற முகாம்களைத் தமிழ்நாடு அரசு நடத்தியது. பெயர்ப் பட்டியல் எடுத்து, ஆள் அனுப்பி, கூப்பிட்டுச் சேர்த்தார்கள். நல்ல வேலை! அதே பட்டியல் முறையை, முதல் செமஸ்டர் முடிவு வந்த மறு வாரம் கல்லூரிகளில் செய்தால் என்ன? இரண்டு பாடத்துக்கு மேலே போனவர்கள் யார்? பத்து நாள் சேர்ந்தாற்போல் வராதவர்கள் யார்? அவர்கள் வீட்டுக்கு ஒரு டெலிபோன். கும்மிடிப்பூண்டி பக்கம் என்றால் தமிழில் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டாம்.

கல்லூரிதோறும் வாசலில் ஒரு பலகையும் வைக்கலாம். "மூன்று ஆண்டுக்கு முன்பு சேர்ந்தவர்கள் இத்தனை, இந்த ஆண்டு பட்டம் வாங்கியவர்கள் இத்தனை." கல்லூரிகளுக்கு இது பிடிக்காது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் சேரும் கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். பலகைக்குப் பயந்து, மார்க் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்காமல் விட்டால் இன்னும் ஆபத்து. ஆகையால் பலகையைத் தண்டிப்பதற்காக வைக்கக் கூடாது. எண்ணிக்கை குறைந்த கல்லூரிக்கு அடுத்த ஆண்டு கூடுதலாக ஆசிரியரும் பணமும் அனுப்புவதற்காக வைக்க வேண்டும்.

பரீட்சை இல்லாமல் பாஸ்

சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது. எல்லோரையும் பாஸ் போட்டு விடுவது!

கொரோனா காலத்தில் இது நடந்தது. 2020 ஆகஸ்டில், அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டியவர்கள் எல்லோரும் பாஸ் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாணவர்கள் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. பரீட்சை எழுதாமல் பாஸ் போடுவதை ஏற்க முடியாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி விட்டது. அரியர் என்பது எத்தனை வீடுகளின் கவலை என்பதை அந்தக் கொண்டாட்டம் காட்டியது.

நடுவில் ஒரு வாசல்

மத்திய அரசு வேறு வழி சொல்லுகிறது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைப்படி, ஒரு ஆண்டு படித்து விட்டு நின்றால் சான்றிதழ். இரண்டு ஆண்டு என்றால் டிப்ளமா. மூன்று ஆண்டு என்றால் பட்டம். படித்த பாடத்தின் மதிப்பெண் புள்ளிகளை, பாங்கியில் பணம் போடுவதுபோல் ஒரு கணக்கில் போட்டு வைப்பார்கள். ஏழு ஆண்டு வரை அது செல்லும். பிறகு திரும்பி வந்து விட்ட இடத்தில் இருந்து படிக்கலாம். யு.ஜி.சி. 2021-ல் இதற்கு விதி செய்தது.

தமிழ்நாடு அரசு இதை எதிர்த்தது. பாதியில் போவதற்கு நாமே வழி காட்டுவதா என்று கேட்டது. தனிக் கல்விக் கொள்கை வகுக்க, ஓய்வு பெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் 2022-ல் குழு அமைத்தது. 2024 ஜூலையில் குழு அறிக்கை கொடுத்தது.

இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. "ஒரு வருஷம் படித்தாயே, சான்றிதழ் வந்து விட்டது, போதும்; மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று சொல்லும் வீடுகள் உண்டு. ஏழைப் பெண்தான் அந்த வாசல் வழியாக முதலில் வெளியே போவாள். ஆனால், ஏற்கெனவே வெளியே போய் விட்டவள் திரும்பி வர ஒரு வாசல் வேண்டாமா? அவள் பாஸ் செய்த பாடங்கள் வீணாகக் கூடாது. வெளியே போகும் வாசலைவிட, உள்ளே வரும் வாசலுக்குத்தான் அவசரம்.

கம்பெனியும் கல்லூரியும்

கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் இன்னொன்றும் செய்யலாம். வேலையையும் படிப்பையும் சண்டை போட விடாமல் சேர்த்து வைப்பது.

2006-ம் ஆண்டு வாக்கில் அரசு கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்டு வந்தது. காலையில் ஒரு பிரிவு, மத்தியானம் ஒரு பிரிவு. இடம் போதாமல் செய்த ஏற்பாடுதான். ஆனால் அரை நாள் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் பலருக்கு அதுவே கை கொடுத்தது. தொழிற்சாலையில் அது சரிப்படாது. வாரத்துக்கு ஒரு தடவை ஷிப்டு மாறும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி. இரவு முழுவதும் நின்று வேலை பார்த்து விட்டு வரும் பெண் காலை வகுப்பில் தூங்கத்தான் செய்வாள். கல்லூரியில் படிக்கும் தொழிலாளிக்கு ஷிப்டை மாற்றாமல் வைப்பது கம்பெனிக்குப் பெரிய கஷ்டம் அல்ல. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பட்டப் படிப்பின் நடுவிலேயே ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை தொழில் பழகுநராக வேலை பார்த்து, உதவித் தொகையும் வாங்கும் முறையை யு.ஜி.சி. 2025-ல் வகுத்திருக்கிறது. சிப்காட் வாசலில் இருக்கும் ஊர்களுக்கு ஏற்ற முறை. ஒரு எச்சரிக்கை உண்டு. குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாக அது ஆகி விடக் கூடாது. என்ன கற்றுக் கொடுத்தார்கள் என்று கல்லூரி போய்ப் பார்க்க வேண்டும்.

நின்று விட்டவர்களுக்கு

கல்லூரியை விட்டு நின்ற பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். டி.சி. வாங்காமல் நின்றிருந்தால், மறுபடி சேர வழி இருக்கிறதா, எந்த செமஸ்டரில் இருந்து சேரலாம் என்று கேட்க வேண்டும். மூன்று ஆண்டும் முடித்து அரியர் மட்டும் பாக்கி என்றால், தினமும் கல்லூரிக்குப் போக வேண்டியது இல்லை. பணம் கட்டிப் பரீட்சை மட்டும் எழுதலாம். எத்தனை ஆண்டுக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கல்லூரிக்குத் திரும்பவே முடியாது என்றால், 2002-ம் ஆண்டு ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. வேலையை விடாமல் தபாலில் பாடம் வாங்கிப் படிக்கலாம். அங்கே மூன்று ஆண்டுப் பட்டப் படிப்பை ஆறு ஆண்டுக்குள் முடித்தால் போதும்.

அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டும் கடைசித் தேதியைக் கல்லூரி நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்கள். வேலைக்குப் போகிற பிள்ளை அதைப் பார்க்க முடியாது. கூடப் படித்த ஒருவரிடம் சொல்லி வைத்தால் டெலிபோனில் சொல்லுவார்.